மிச்சத்துக்கும் ஜெபியுங்கள்

தாசையன் மிளகாயைக் கருக்கிவிட்டான் என்று சொன்னால் அட்டக்குளங்கரையில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். பெண்டாட்டி எலிசாளே நம்பவில்லை.

சாலைக் கம்போளத்திலிருந்து கூப்பிடுதூரத்தில், ரோட்டோரமாக அவர்களுடைய தட்டுகடை. வெயில் சாயும்போது உந்துவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். ஒரு அடுப்பில் கப்பைக்கிழங்கு வேகும், ஒன்றில் தோசைக்கல் காயும், மூன்றாவதில் தாசையன் மீன்கறிக்குத் தேங்காயும் வற்றல் மிளகாயும் மல்லியும் வறுப்பான். வறுக்கும்போது சட்டியைப் பார்க்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், மூட்டை இறக்கிவிட்டு வருகிற சுமட்டுக்காரர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள் என்று எல்லோரிடமும் வாயாடிக்கொண்டே கரண்டி போடுவான். அவன் பேச்சைக் கேட்பதற்கென்றே பால் விடாத ஒரு கட்டன் சாயாவை வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் உண்டு. பேச்சு பாதியில் நிற்கும், மூக்கு ஒருமுறை விடைக்கும், சட்டி இறங்கிவிடும்.

அன்றைக்குச் சட்டி இறங்கவில்லை. புகை எழும்பி, நின்றவர்கள் எல்லாம் இருமிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓட, தாசையன் மட்டும் நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டே கிண்டிக்கொண்டிருந்தான்.

"என்னவாக்கும் இது! மொளவு கரிக்கட்டையாட்டு ஆயிப்போச்சு. ஆளுவ எல்லாம் ஓடுதினும், நீங்க நிண்ணு கிண்டுதிய?" என்று எலிசாள் சட்டியைப் பிடுங்கினாள்.

அவன் குனிந்து பார்த்தான். "கரிஞ்சுதா? எனக்கு ஒண்ணும் தெரியேல்லியே எட்டி. சளியாக்கும்."

சளி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஐப்பசியில் துலாமழை பெய்கிற காலம். யாருக்குத்தான் மூக்கடைப்பு இல்லை. மழை போனது, பனி வந்தது, பனியும் போனது. அவனுடைய இடது மூக்கு மட்டும் திறக்கவில்லை. ஒரு டாக்டர் தூசி ஒவ்வாமை என்றார், இன்னொருவர் சைனஸ் என்று ஆவி பிடிக்கச் சொன்னார். காலையில் முகம் கழுவும்போது சில நாள் ரத்தம் வந்தது. சூட்டினால் என்று அவன் இளநீர் குடித்தான். கறிக்கு வறுக்கிற வேலையை எலிசாள் எடுத்துக்கொண்டாள். அவன் தோசைக்கல்லுக்கு மாறினான். வாய் மட்டும் குறையவில்லை.

பக்கத்தில் பூக்கடை போட்டிருந்த மாடம்மாள்தான் ஒருநாள் எலிசாளைத் தனியே கூப்பிட்டாள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து சாலையில் பூக்கட்டியே இரண்டு மகன்களைக் கரையேற்றியவள்.

"ஏ எலிசா, கோவப்படாத. உங்க வீட்டுக்காரவுகளுக்கு எடது கண்ணு முன்னால தள்ளிக்கிட்டு நிக்கு. நீ பாக்கலியா?"

எலிசாள் திரும்பிப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம். அதனாலேயே தெரியாமல் இருந்திருக்கிறது. அவன் யாரிடமோ சிரித்துக்கொண்டு இரண்டு தோசையைத் தட்டில் வைத்தான். ஒன்று தட்டில் விழுந்தது, மற்றது தட்டுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் விழுந்தது.

ஸ்கேனுக்குப் பிறகு அவர்களை உட்காரவைத்துப் பேசியவள் திவ்யலட்சுமி என்ற டாக்டர். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மலையாளத்தில் தொடங்கி, எலிசாளின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள்.

"மூக்குக்கு உச்சியில ஒரு எலும்பு இருக்கு, கேட்டேளா. சல்லடை மாதிரி பொடிப்பொடியா துவாரம். அது வழியாத்தான் வாசனை நரம்பெல்லாம் மூளைக்குப் போறது. அந்த நரம்புலேர்ந்து கிளம்பின கட்டியாக்கும் இது. அபூர்வமா வர்றது. எலும்பைத் தாண்டி மூளைக்கு அடியில ஏறியிருக்கு."

"எடுத்திரலாமா டாக்டரே?" என்று தாசையன் கேட்டான். "எனக்க மூக்கு பண்டே ஊர்க்காரியம் எல்லாத்திலயும் நொழையும். இப்ப அதுக்குள்ள ஒண்ணு நொழைஞ்சிருக்கு, அவ்வளவுதானே?"

டாக்டர் சிரித்துவிட்டாள். எலிசாளும் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் அவளைச் சிரிக்கவைத்தது அதுதான் கடைசி. அப்போது அது தெரிந்திருந்தால் அழுகையை நிறுத்திக்கொண்டாவது சிரித்திருப்பாள்.

முதலில் மருந்து ஏற்றினார்கள், கட்டி கொஞ்சம் சுருங்கட்டும் என்று. பிறகு அறுவை. மூக்கு டாக்டர்கள் கீழேயிருந்தும் மூளை டாக்டர்கள் மேலேயிருந்தும் காலையில் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம்வரை செய்தார்கள். கொச்சியில் கம்பெனி வேலையிலிருந்த மகள் லிபி லீவு போட்டு வந்து தாயின் பக்கத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கதிர்வீச்சு, ஊர்ப்பேச்சில் கரண்டு வைப்பது. முகத்தின் அச்சிலேயே செய்த வலைபோன்ற முகமூடியைப் போட்டு, தலையை மேசையோடு பிணைத்துப் படுக்கவைப்பார்கள். அதிலிருந்து எழுந்து வரும்போது அவன் கன்னத்திலும் நெற்றியிலும் வலைத்தடம் பதிந்திருக்கும். எலிசாள் முந்தானையால் மெல்லத் தேய்த்துவிடுவாள், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அது மறையவேண்டும் என்பதுபோல.

தாசையன் பிழைத்துக்கொண்டான். கண் உள்ளே போயிற்று. தலையில் காதிலிருந்து காதுவரை ஓடிய தழும்பை முடி மூடியது. வாசனை இனி வராது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "முன்பக்கத்து மூளையிலயும் கொஞ்சம் கை வைக்க வேண்டிவந்தது. சுபாவத்துல கொஞ்சம் மாத்தம் தெரியலாம். பொறுமையா இருக்கணும்." கோபம் வரும் என்று சொல்கிறாள் என்று எலிசாள் நினைத்துக்கொண்டாள். கோபத்தை எல்லாம் அவள் பார்த்தவள்தான்.

வந்தது கோபமில்லை. ஒன்றுமே வரவில்லை.

காலையில் எழுப்பினால் எழுவான். பல் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பான். போதும் என்று சொல்லாவிட்டால் தேய்த்துக்கொண்டே நிற்பான். சோறு வைத்தால் தின்பான். உப்பு கூடியதா குறைந்ததா என்ற பேச்சு இல்லை. அதே அறையில் அவள் அரைக்க, கழுவ, மீன் அறுக்க, அவன் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கேட்டதற்குப் பதில் வரும், அதுவும் நியாயமான பதில். கணக்கு தப்பாது, ஆட்களின் பேர் மறக்காது. ஆனால் கேட்காமல் ஒரு சொல் வராது.

ஓணத்துக்கு வந்த லிபி, தகப்பன் முன்னால் முட்டுக்குத்தி உட்கார்ந்து சொன்னாள்: "அப்பா, எனக்கு ஒரு ஆளை இஷ்டமாணு. கூடெ ஜோலி செய்யுந்ந ஆளு. அவருக்க வீட்டில வந்து பேசட்டுமா?" தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவளுடையது. பழைய தாசையனாக இருந்தால் அந்த ஆளின் மூன்று தலைமுறையை விசாரித்திருப்பான், கத்தியிருப்பான், பிறகு கம்போளம் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்திருப்பான்.

"செரி," என்றான்.

லிபி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அடுக்களைக்கு வந்து, "அம்மே, அப்பாக்கு தேஷ்யமாணோ?" என்று கேட்டாள்.

"கோவம் ஒண்ணும் இல்ல மக்களே. அது சம்மதமாக்கும்," என்றாள் எலிசாள். மகள் மறுநாள் ரயிலேறினாள். கல்யாணம் நடந்தது. தாசையன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான்.

தட்டுகடையை அவள் தனியாக நடத்தினாள். அவனை ஒரு ஸ்டூலில் பக்கத்தில் உட்காரவைப்பாள். பழைய ஆட்கள் வந்து, "தாசையண்ணோ, சுகந்தன்னே?" என்று தோளில் தட்டுவார்கள். "சுகம்," என்பான். இரண்டு நிமிஷம் நின்று பார்ப்பார்கள், பிறகு எலிசாளிடம், "பாக்யவதியாணு கேட்டோ சேச்சி, ஆளைத் திரிச்சு கிட்டியல்லோ," என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆளைத் திரும்பப் பெற்ற பாக்கியவதி. அவர்கள் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் மாவை ஊற்றுவாள்.

மாடம்மாளிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "அக்கா, அவரு இருக்காரு. ஆனா எனக்கு வீட்டுக்குப் போனா ஒற்றைக்கு இருக்குத மாதிரி இருக்கு."

மாடம்மாள் நார் கிழித்துக்கொண்டே, "ஏளா, என்ன பேச்சு பேசுத? எங்க வீட்டு ஆளு போயி இத்தன வருசம் ஆச்சு. ஒரு மூலையில சும்மா ஒக்காந்திருந்தாக்கூடப் போதும்னு நான் அழுத நாளு எவ்வளவு. மக்க மனுசங்க கேட்டா சிரிப்பாவ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எலிசாள் அந்தப் பேச்சை யாரிடமும் எடுக்கவில்லை.

சபையில் ஸ்தோத்திர ஆராதனை வந்தது. போதகர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்: "எலிசாளம்மா, தேவன் உங்க குடும்பத்தில செய்த அற்புதத்துக்கு ஒரு சாட்சி சொல்லணும்." வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு போனாள். தாசையன் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, கூரையில் சுழலுகிற மின்சாரக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதகர் அவள் பேரைச் சொன்னதும் எழுந்து முன்னால் போனாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றாள். சபை ஸ்தோத்திரம் சொல்லிற்று.

அதற்கு மேல் மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. அவள் தாசையனைப் பார்த்தாள். மனைவி மேடையேறியதை அவன் கவனித்த மாதிரி இல்லை.

"அவருக்க உயிரக் கர்த்தர் தந்தாரு," என்றாள். "மிச்சத்தையும் தரணும்ணு எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க."

இறங்கிவந்து உட்கார்ந்துவிட்டாள். ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மிச்சம் என்றால் என்ன, கண்பார்வையா என்றாள் ஒருத்தி. "வாசனை வராதுண்ணு கேட்டனே, அதையாக்கும் சொல்லுதா," என்றாள் இன்னொருத்தி. "ஒரு மூக்கு வாசனைக்காக இப்பிடி ஏங்கலாமா? கர்த்தர் செய்ததை நெனைச்சுப் பாரு."

"ஆமா," என்றாள் எலிசாள். "வாசனைதான்."

வருஷங்கள் போயின. மூன்று மாதத்துக்கொரு பரிசோதனை ஆறு மாதத்துக்கொன்றாகி, பிறகு வருஷத்துக்கொன்றானது. இனிப் பயமில்லை என்று எல்லோரும் மறந்திருந்த நேரத்தில் திவ்யலட்சுமி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து, இரண்டு இடத்தில் விரலை வைத்தாள். அவளுக்கும் இப்போது காதோரம் நரைத்திருந்தது.

"மூளையைப் போர்த்திண்டு ஒரு தோல் இருக்கும். அதுல ரெண்டு எடத்துல வந்திருக்கு," என்றாள். "இந்த ஜாதிக் கட்டி அப்படித்தான். எத்தனையோ வருஷம் கழிச்சும் வரும். ஆனா மெதுவா வளர்றது. மறுபடி கதிர்வீச்சு கொடுத்து நன்னா வருஷக்கணக்கா இருக்கிறவாளும் உண்டு. எல்லாரும் அப்படின்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

"குடுத்தா என்னாவும் டாக்டரே?"

"மூளை ஏற்கெனவே ஒருதரம் வாங்கினதாக்கும். இன்னும் கொஞ்சம் மந்தமாகலாம். ஆகாமலும் போகலாம். கொடுக்கலேன்னா..." டாக்டர் தாசையனைப் பார்த்தாள். அவன் மேசைமேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யோசிச்சுச் சொல்லுங்கோ. அவர்கிட்டயும் கேளுங்கோ. அவருக்குப் புரியும்."

லிபி போனில் அழுதாள். "அம்ம தீருமானிச்சாமதி," என்றாள். அம்மா தீர்மானித்தால் போதும். எலிசாள் போனை வைத்துவிட்டு, கூடையிலிருந்த சாளை மீனை எடுத்து அறுக்க உட்கார்ந்தாள். வெளியே மழை இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் மந்தமாவது என்றால் எவ்வளவு மந்தம்? இனி எதைக் குறைக்க இருக்கிறது? வேண்டாம் என்று ஒரு சொல் மனசில் வந்து உட்கார்ந்தது. யாருக்காக வேண்டாம் என்று பார்க்கப் பயந்து, செதிலை வேகமாகத் தேய்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்க. டாக்டர் சொன்னது வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு. திரிச்சு வந்திருக்கு."

"கரண்டு வைக்கவா, வேண்டாமா? நீங்க சொல்லணும்."

அவன் யோசித்தான். அவன் யோசிப்பதைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"எனக்கு வேணும்ணும் வரேல்ல, வேண்டாம்ணும் வரேல்ல."

"பயமோ பேடியோ இல்லியா உங்களுக்கு?"

"இல்ல. பேடி வரணும்ணு தெரியும். சாவாக்கும் காரியம், அது தெரியும். வருதாண்ணு இருந்து பாத்தேன். வரேல்ல." அவன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நீ கண்ணீரு விட்டுக் கரையுவ. அந்நேரம் ஏதாவது செய்யணும்ணு தெரியும். பண்டு என்ன செய்வேன்ணும் ஓர்மையிருக்கு. ஆனா கை எழும்பாது. வாயும் அனங்காது. நீ கரைஞ்சு முடிப்ப, எழும்பிப் போவ. நான் அங்ஙனயே இருப்பேன்."

எலிசாளின் கையில் மீன்ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமும் சுவரோரத்து நாற்காலியில் ஒன்றும் அறியாத ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்றே அவள் நினைத்திருந்தாள். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். அவள் வெளியே ஒற்றைக்கு இருந்ததுபோல அவன் உள்ளே ஒற்றைக்கு இருந்திருக்கிறான்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லேல்ல?"

"நீ கேக்கேல்ல."

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். மிச்ச மீனையும் அறுத்துக் கழுவி, உப்பும் மிளகுமிட்டுப் புரட்டிவைத்தாள். அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கரண்டு வைக்கலாம் என்று சொன்னாள்.

மறுபடியும் முகமூடி, வலைத்தடம். இந்தமுறை கன்னத்தைத் தேய்த்துவிடும்போது, "வலிக்குதா?" என்று கேட்டாள். "இல்ல," என்றான். "தண்ணி வேணுமா?" "வேணும்." கேட்டால் வரும் என்று தெரிந்துவிட்டதால் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில், வண்டியோரம், வரிசையில் நிற்கும்போது எல்லாம். என்ன பார்க்கிதிய? காற்றாடி. அதில என்ன இருக்கு? ஒரு றெக்கை வளைஞ்சிருக்கு. அண்ணாந்து பார்த்தாள், உண்மையாகவே வளைந்திருந்தது.

கதிர்வீச்சு முடிந்த நாள். மெடிக்கல் காலேஜ் நிறுத்தத்தில் கடலோரத்து விழிஞ்ஞத்துக்குப் போகிற பஸ் வந்தது. கிழக்கேகோட்டையில் இறங்கிக்கொள்ளலாம் என்று ஏறினார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கூட்டம் நெரித்தது. அவளுக்கு முன்னால் பெண்கள் சீட் கிடைத்தது; அவனைப் பின்னால் ஜன்னலோரம் யாரோ இடம்கொடுத்து உட்காரவைத்தார்கள். அத்தனை வாரத்து அலைச்சல், பாளையம் வருவதற்குள் எலிசாள் தூங்கிப்போனாள். கோட்டை, கோட்டை என்று கண்டக்டர் கத்தியபோது திடுக்கிட்டு எழுந்து, "எறங்குங்க!" என்று பின்னால் பார்த்துச் சத்தம்போட்டுவிட்டு, தள்ளுகிற கூட்டத்தோடு இறங்கினாள். மழை ஊற்றியது. குடையை விரித்துத் திரும்பினால் பின்வாசல் மூடியிருந்தது. பஸ் மணக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் நின்ற பக்கத்து ஜன்னல்களில் ஷட்டர் போட்டிருந்ததால் உள்ளே ஒரு தலையும் தெரியவில்லை.

ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. ஒரு ஆட்டோவை மறித்து ஏறி, "விழிஞ்ஞம் பஸ்ஸாக்கும் அண்ணா, வேகம் போணும்," என்றாள். மழையில் வண்டிகள் ஊர்ந்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்தாள். அவன் பாதியில் எங்காவது இறக்கிவிடப்பட்டிருந்தால், இறக்கிவிட்ட இடத்திலேயே நனைந்துகொண்டு நிற்பான். யாரும் கேட்காவிட்டால் பேர்கூடச் சொல்லமாட்டான். வெங்ஙானூர் தாண்டும்போது அவள் கர்த்தரிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் பேரை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

விழிஞ்ஞம் ஸ்டாண்டில் அந்த பஸ் காலியாக நின்றது. படியில் நின்று கண்டக்டர் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். மழையோடு கலந்து துறையிலிருந்து மீன்நாற்றம் அடித்தது.

"சேச்சியுடெ ஆளாணோ?" என்று அவனே கேட்டான். "கோட்டையில எறங்காத்ததெந்தாணுன்னு கேட்டேன், இவிடெ வந்நும் கேட்டேன். ஆளு ஒந்நும் பறயுந்நில்ல. 'அவ வருவா'ன்னு மாத்ரம்."

தாசையன் அதே ஜன்னலோரத்தில் இருந்தான். ஷட்டர் திறந்திருந்தது, அவனுடைய சட்டை இரண்டு தோளிலும் நனைந்திருந்தது. யாரும் மூடச் சொல்லவில்லை போலும். எலிசாள் ஷட்டரை இறக்கிவிட்டு, மூச்சிரைக்கப் பக்கத்து சீட்டில் விழுந்தாள்.

"எறங்குங்கண்ணு விளிச்சேன். கேக்கேல்லியா?"

"ஆளுவ நடுவில நிண்ணினும். எழும்பினேன். பின்ன இருந்திட்டேன்."

"பின்ன என்ன செய்திய?"

"கடலு வரைக்கும் வந்தேன்."

முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். கன்னத்தில் முகமூடியின் தடம் இன்னும் லேசாக இருந்தது. மூளைத்தோலில் வந்திருந்த அந்த இரண்டு கட்டியும் சுருங்கிவிட்டன, இப்போதைக்கு அசையாமல் இருக்கின்றன என்று டாக்டர் சொன்னது பிறகு, அடுத்த துலாமழைக் காலத்தில். அன்றைக்கு அதொன்றும் தெரியாது. நனைந்த சட்டையும் காலி பஸ்ஸும்தான் தெரிந்தது.

டிரைவர் ஏறி எஞ்சினை உறுமவிட்டான். அதே பஸ் கோட்டைக்குத் திரும்புகிறது. "நாம எறங்காண்டாம், இதிலேயே போவோம்," என்றாள் எலிசாள். முன்னால் பெண்கள் சீட்டுகள் எல்லாம் காலியாகத்தான் கிடந்தன. அவள் எழுந்திருக்கவில்லை.

பஸ் முக்கோலையில் ஏறும்போது தாசையன் வாயைத் திறந்தான். அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"எலிசே."

திரும்பினாள்.

"உன்னக் காணாம எனக்குத் தேடிச்சு."

தாயைக் காணாத சின்னப் பிள்ளைகள் சொல்கிற சொல். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், காற்றாடியின் றெக்கை வளைந்திருக்கிறது என்று சொன்ன அதே குரலில். சொல்லிவிட்டு முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எலிசாள் அறுந்த செருப்பைக் காலிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் போகிற போக்கில் அவன் நனைந்த தோளோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.